அப்பாவின் டிரங்குப் பெட்டி: ஒரு நிருபரின் தாள்களை என்ன செய்வது?

கேள்வி: அப்பா ஒரு தமிழ் நாளேட்டில் 31 ஆண்டுகள் அரசியல் நிருபராக இருந்தார். சென்ற தை மாதம் காலமானார். பரணில் 2 டிரங்குப் பெட்டி, ஒரு கோணிப்பை, ஒரு ஷூ டப்பா நிறைய கேசட்டுகள் இருக்கின்றன. குறிப்பு நோட்டுகள், கடிதங்கள், ஒட்டிவைத்த கட்டிங்குகள், படங்கள், ஃபேக்ஸ் தாள்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். அண்ணன் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார், அம்மா தொடவே விடவில்லை. எதை வைத்துக்கொள்வது, யாரிடம் கொடுப்பது? கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமா? (மதுரை வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் அம்மா செய்வதுதான் சரி. எடைக்குப் போடும் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். அதே சமயம், ஆர்வத்தில் நீங்களும் இன்றே உட்கார்ந்து அடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, வந்த ஒழுங்கைக் கலைக்காதே என்பதைத்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிருபரின் குடும்பத்தினர் அவருடைய தாள்களை எங்களிடம் கொண்டுவந்தார்கள். பாசத்தோடு ஒரு மாதம் உழைத்து, கடிதமெல்லாம் ஒரு பெட்டி, படமெல்லாம் ஒரு பெட்டி, நோட்டெல்லாம் ஒரு பெட்டி என்று பிரித்திருந்தார்கள். எந்தப் படம் எந்த நோட்டுக்குள் இருந்தது, எந்தக் கடிதம் எந்தச் செய்திக்காக வந்தது என்பதை எங்களால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

அதனால் பெட்டியைத் திறந்ததும் மேலிருந்து செல்போனில் ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு அடுக்காகப் படம் எடுத்தபடியே கீழே போங்கள். ஒரு கட்டு நூலால் கட்டியிருந்தால் அது கட்டாகவே இருக்கட்டும். நோட்டுக்குள் செருகியிருக்கும் சீட்டு அதே பக்கத்திலேயே இருக்கட்டும். பெட்டி 1, பெட்டி 2, கோணிப்பை என்று பெயர் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதிவையுங்கள். எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது அந்தப் பட்டியலைத்தான்.

சரி, இதில் எது மதிப்புள்ளது? பெரும்பாலான குடும்பங்கள் கட்டிங்குகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கிறுக்கலாக இருக்கிறதென்று நோட்டுகளைத் தள்ளிவிடுகின்றன. நான் முதலில் கையில் எடுப்பது அந்தக் கிறுக்கல் நோட்டைத்தான். அச்சான செய்தி எங்காவது ஒரு நூலகக் கோப்பில் கிடைக்கும். நோட்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஒரு பொதுக்கூட்டக் குறிப்பைப் பார்த்தேன். மேடையில் எத்தனை நாற்காலி, அவற்றில் எத்தனை காலி, யார் பேசும்போது முன்வரிசை எழுந்து போனது என்று பென்சிலில் இருந்தது. மறுநாள் பேப்பரில் வந்தது பேச்சு மட்டும்தான். பக்க ஓரத்தில் சிவப்பு மையில் ‘டெஸ்க்கில் வெட்டு’ என்று, அதாவது அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் மேசையில் வெட்டினார்கள் என்று, அவரே குறித்திருந்தார். அந்த 2 சொல் இல்லையென்றால், வெட்டப்பட்டது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

1975 ஜூன் 25-க்குப் பிறகு நெருக்கடி நிலையில் பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அந்தக் காலத்துச் செய்தியாளர் ஒருவரின் வீட்டில் கார்பன் பிரதிகள் இருந்தால், தணிக்கைக்கு முன் அவர் எழுதியது என்ன என்பதற்குப் பல சமயம் அது மட்டுமே சாட்சி. உங்கள் அப்பா அந்த ஆண்டுகளில் பணியில் இருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் அந்தக் கட்டுகளைத் தனியாகக் கவனியுங்கள்.

கட்டிங்குகளையும் அலட்சியம் செய்ய வேண்டாம். அவருடைய செய்திகளில் பெரும்பாலானவை ‘நமது நிருபர்’ என்றுதான் வந்திருக்கும். எதை எழுதியது உங்கள் அப்பா என்பதற்கு, அவரே வெட்டி, ஒட்டி, தேதி போட்டுவைத்த அந்தக் கோப்பைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. பாரதியார் சுதேசமித்திரனிலும் ‘இந்தியா’விலும் பெயர் போடாமலும் புனைபெயர்களிலும் எழுதியவற்றை அடையாளம் காண அறிஞர்கள் எத்தனை பத்தாண்டுகள் உழைத்தார்கள்! அவர் கையால் ஒட்டிய ஒரு கட்டிங் நோட்டு இருந்திருந்தால் அந்த வேலையில் பாதி மிச்சமாகியிருக்கும்.

ஒரு செய்தியாளரின் தாள்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பி. சிவராவ் நல்ல உதாரணம். சென்னை ‘தி இந்து’வுக்கு டெல்லியிலிருந்து நெடுங்காலம் எழுதியவர். அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார். அரசியலமைப்பு ஆலோசகர் பி. என். ராவ் அவருடைய சகோதரர். 1960-களில் அரசியலமைப்பு உருவான கதையை ஆவணத் தொகுதிகளாகப் பதிப்பித்தவரும் அவர்தான். அவருடைய தாள்கள் டெல்லி தீன்மூர்த்தி வளாக நூலகத்தில் இருக்கின்றன. இந்திய அரசியலமைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவற்றைத் தாண்டிப் போக முடியாது. உங்கள் அப்பா மாவட்ட அரசியலைப் பார்த்தவராக இருக்கலாம். அதனால் மதிப்பு குறையாது. டெல்லி அரசியலுக்கு ஆவணம் நிறைய இருக்கிறது. ஒரு ஊரின் நகராட்சித் தேர்தலில் என்ன நடந்தது என்பதற்கு அநேகமாக எதுவும் இல்லை.

அடுத்தது அவசரமான வேலை. ஃபேக்ஸ் தாள்களை இந்த வாரமே கவனியுங்கள். வழவழப்பான சுருள் தாளில் வந்த ஃபேக்ஸ், வெப்பத்தால் எழுத்து விழும் தாள். அதே வெப்பமும் வெளிச்சமும் பட்டால் எழுத்து மங்கிக்கொண்டே போய்க் கடைசியில் வெறும் தாளாகிவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். உடனே ஸ்கேன் செய்து, சாதாரண வெள்ளைத் தாளில் ஒரு ஜெராக்ஸும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது துருப்பிடித்த குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின். பிடித்து இழுக்காதீர்கள், தாள் கிழியும். பின்னின் 2 கால்களையும் மெல்லிய கத்தி நுனியால் பின்பக்கம் நிமிர்த்திவிட்டு, முன்பக்கம் வழியாக மெதுவாக உருவுங்கள். சேர்ந்திருந்த தாள்களை ஒரு வெள்ளைத் தாளை மடித்து அதற்குள் வையுங்கள், ஒன்றாக இருந்தவை என்பது தெரியும். நியூஸ்பிரின்ட்டில், அதாவது செய்தித்தாள் அச்சிடும் தாளில், மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருப்பதால், காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகி அமிலத்தைக் கக்கும். பக்கத்தில் இருக்கும் நல்ல தாளையும் கெடுக்கும். ஒரு கடிதத்தின் மேல் கட்டிங் பல ஆண்டுகள் கிடந்தால், அதே அளவில் ஒரு பழுப்புச் சதுரம் கடிதத்தில் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே அமிலமில்லாத ஒரு தாளைக் கொடுங்கள்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். செல்லோ டேப்பும் வேண்டாம். ஈரம் பட்ட தாளை வெயிலில் காயப்போடாமல், நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். பூஞ்சை இருந்தால் முகக்கவசம் கட்டாயம். அந்துருண்டையைத் தாள்களோடு போடுவது நம் வீடுகளில் வழக்கம்தான், ஆனால் அந்த ஆவி அவற்றைக் கையாளும் உங்களுக்கும் நல்லதல்ல. தஞ்சை சரசுவதி மகால் சுவடிகளுக்குச் செய்வதுபோல வசம்பைப் பொடித்துத் துணியில் முடிந்து, தாளைத் தொடாமல் ஓரத்தில் வைக்கலாம். வீட்டு வேலை முடியும்வரை பெட்டிகளைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் அரையடி தள்ளி, பலகை மேல் வையுங்கள். கரையான் தரை, சுவர் வழியாகத்தான் ஏறும். சிமென்ட் தூசி படாத உறவினர் வீட்டு அறை ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

கேசட்டுகளில் அவசரப்பட்டு எதையும் ஓட்டிப் பார்க்காதீர்கள். மேல் விளிம்பில் இருக்கும் 2 சிறிய பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட்டால், தவறிப்போய் மேலே பதிவாகும் ஆபத்து இல்லை. நாடாவில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதைத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

தாள்களை ஸ்கேன் செய்யும்போது எழுத்துக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி), படங்களுக்கு 600 போதும். நோட்டின் அட்டை, வெற்றுப் பக்கம், படத்தின் பின்பக்கம் எதையும் விடாதீர்கள். பிரதி 3 இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில். அதற்காக அசலைக் கழித்துவிடக் கூடாது.

பணம் செலவாகாத, ஆனால் தள்ளிப்போட முடியாத வேலை ஒன்றும் இருக்கிறது. உங்கள் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள். ஒருவரை வீட்டுக்கு அழைத்து, அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேச்சைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம், மென்மையான பென்சில் போதும். அப்புறம் நோட்டுகளில் உள்ள சுருக்கங்கள். ‘மா.செ.’ என்றால் மாவட்டச் செயலாளர் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அப்பா தனக்கென்று வைத்திருந்த குறிகளைக் கூட வேலை பார்த்தவர் மட்டுமே சொல்ல முடியும். சுருக்கெழுத்தில் எழுதியிருந்தால், எந்த முறை என்பதையாவது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். தாள் ஒருவருடையது, அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை இன்னொருவருடையது என்பதைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். அப்பாவுக்கு வந்த கடிதங்கள் உங்கள் குடும்பச் சொத்து. அவற்றை அச்சிடும் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். அப்பா எழுதி அனுப்பிய கடிதங்களின் உரிமை உங்களுடையது, தாள் எங்கேயோ இருக்கும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, நாளேட்டு ஊழியராக எழுதிய செய்திகளைப் பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நிறுவனத்துக்கு. மற்ற விஷயங்களில் உரிமை எழுதியவருக்கு. அவர் இறந்த பிறகும் 60 ஆண்டு வரை அது வாரிசுகளிடம் இருக்கும். காப்பகத்துக்குக் கொடுப்பதற்கு இவை எதுவும் தடையில்லை. அம்மா, அண்ணன், நீங்கள் என்று வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டால் போதும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. உங்கள் அப்பாவை நம்பிப் பேசியவர்களின் பெயர்கள் அந்த நோட்டுகளில் இருக்கும். ஒரு குமாஸ்தா, ஒரு காவலர், ஒரு கட்சிக்காரர். பெயர் வராது என்ற ஒரு சொல்லை நம்பித்தான் அவர்கள் வாய் திறந்தார்கள். அந்த வாக்கு அப்பாவோடு போய்விடவில்லை, இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அதற்காக எரித்துவிடாதீர்கள், பெயர்களை மையால் அடிக்கவும் வேண்டாம். அந்த நோட்டுகளைத் தனி உறையில் வைத்து, இத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்கலாம். 20, 30 ஆண்டு மூடிவைக்கச் சொல்வது காப்பகங்களுக்குப் பழகிய விஷயம். ‘ரகசியம்’ என்று முத்திரை விழுந்த அரசுத் தாள் ஏதாவது இருந்தால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். 1923-ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

யாரிடம் கொடுப்பது? தமிழ் சார்ந்த தொகுப்புக்கு நான் முதலில் சொல்வது சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்ததிலிருந்து 1994-இல் உருவான இடம். வீட்டில் சேர்ந்த தாளின் மதிப்பை அவர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. தேசிய அரசியல் சார்ந்த கடிதங்கள் நிறைய இருந்தால், தனியார் தாள்களைச் சேகரிக்கும் தீன்மூர்த்தி நூலகத்தைக் கேட்கலாம். 2023 முதல் அதன் பெயர் பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம். எழும்பூர் ஆவணக் காப்பகம் முதன்மையாக அரசு ஆவணங்களுக்கானது. இலங்கை சார்ந்த தாள்கள் இருந்தால் ‘நூலகம்’ என்ற பெயருள்ள நிறுவனத்தார் மின்வடிவில் பாதுகாக்கிறார்கள். எங்கே என்றாலும் முதலில் அந்தப் பட்டியலையும் 10, 12 படங்களையும் அனுப்பிக் கேளுங்கள், மூட்டையோடு போய் நிற்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுங்கள். அண்ணனுக்குப் பாதி, உங்களுக்குப் பாதி என்று பிரித்தால் இரண்டு பாதியும் ஊமையாகிவிடும்.

வாய்ப்பேச்சோடு விடாமல் நன்கொடை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். முழுதாகக் கொடுக்கிறீர்களா, மின்பிரதி எடுக்க மட்டும் தருகிறீர்களா, எந்த உறை எந்த ஆண்டு வரை மூடியிருக்கும், அவர்களுக்கு வேண்டாதது உங்களுக்கே திரும்புமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நான் கடைசியாகச் சொன்னதைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் எடைக்குப் போட எதுவுமே இல்லையா என்று அண்ணன் கேட்பார். இருக்கிறது. எந்தக் குறியும் இல்லாத முழு செய்தித்தாள்கள், எழுதாத லெட்டர்ஹெட், ஒரே அறிக்கையின் 10 பிரதிகளில் 8, கரன்ட் பில். தேர்தல் துண்டறிக்கை, சுவரொட்டி, அழைப்பிதழ் மட்டும் அந்தக் குவியலில் சேரக் கூடாது, அவற்றை வேறு யாரும் சேர்த்துவைத்திருக்க மாட்டார்கள். பேப்பர்காரரிடம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு செய்தித்தாளையும் ஒருமுறை விரித்து உதறிப் பாருங்கள். பஸ் டிக்கெட்டின் பின்னால்கூட நிருபர்கள் குறிப்பெடுப்பார்கள்.