நொடி அவிழ்ப்பவர்களுக்கு: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

ஞாயிறு இரவுகளில் சூமில் கூடி இசை, இலக்கிய நொடி, அதாவது புதிர் அவிழ்க்கிற எங்கள் கூட்டத்துக்குப் புதிதாகப் பத்துப் பேர் வந்திருக்கிறார்கள். குறிப்பு எழுதுகிறவள் நான், கல்லடியில் இருக்கிறேன். அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர், குறிப்பை வாசித்தால் ஏதோ கதை மாதிரிக் கிடக்கு. எங்கே தொடங்குவது? (களுவாஞ்சிகுடி)

கதையை நம்பாதீங்க மகள், சொல்லைப் பிடியுங்க. போன வாரக் குறிப்பு "ஏழாமிடத்து மனைவி". சாதகம் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் களத்திர ஸ்தானத்துக்கு, அதாவது துணையைச் சொல்லும் ஏழாம் வீட்டுக்கு ஓடினார்கள், ஆனால் நான் கேட்டது சுரத்தை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பழந்தமிழில் சுரம் ஏழு, ஏழாவது தாரம், தாரம் என்றால் மனைவியும்தான். இப்படி இரண்டு பக்கமும் ஒரே சொல்லில் வந்து பூட்ட வேண்டும், ஒரு பக்கம் ஆடினாலும் அது விடை இல்லை. கைக்கிளையும் அப்படித்தான், மூன்றாவது சுரம், தொல்காப்பியத்தில் ஒருதலைக் காமம்.

ராகத்துக்கு எண் கேட்டால் 72 மேளகர்த்தாவையும் (தாய் ராகங்களையும்) பாடமாக்க வேணுமா? (அக்கரைப்பற்று)

வேண்டாம் தம்பி. எழுத்துக்கு எண் கொடுக்கிற கடபயாதி முறை தெரிந்தால் பெயரின் முதல் இரண்டு எழுத்தே அந்த ராகத்தின் வரிசை எண்ணைச் சொல்லும். மேசகல்யாணியில் ம 5, ச 6, சேர்த்தால் 56, திருப்பிப் போட்டால் 65. மாயாமாளவகௌளையில் ம 5, ய 1, திருப்பினால் 15. கல்யாணிக்கு முன்னால் 'மேச' ஒட்டியதே இந்த எண்ணுக்காகத்தான். ஆனால் தமிழில் எழுதும்போது ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். கரகரப்பிரியாவின் முதல் 'க'வை 1 என்று எடுத்தால், ர 2 சேர்ந்து 12, திருப்பினால் 21, நேரே கீரவாணி ராகத்தின் வீட்டுக்குள் போய் நிற்பீர்கள். அது வடமொழியின் இரண்டாவது ககரம், அதற்கு 2. அப்போதுதான் சரியான 22 வரும். நம் எழுத்தில் நாலு ககரத்துக்கும் ஒரே 'க' என்பதால் மூல உச்சரிப்பைக் கேட்டுப் பழகுங்கள்.

எங்கட ஊர் ஆள் ஒருவரையும் வையுங்களேன். (காரைதீவு)

வைக்காமல் விடுவேனா? 1892இல் உங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் 1947இல் வெளிவந்தது, அதே வருடம் அவரும் மறைந்தார். அந்த வாசிப்பில் எழுந்த குறிப்புத்தான் "இருபத்தொரு நரம்புள்ள பெரியவர்". நரம்பு என்றதும் உடம்பை நினைத்தால் போச்சு, யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். விடை பேரியாழ். செங்கோட்டியாழுக்கு ஏழே நரம்பு, அதை வைத்து ஒன்று எழுதிப் பாருங்களேன்.

இதெல்லாம் இங்கிலீஷ் பத்திரிகைக் குறுக்கெழுத்தைப் பார்த்து வந்ததுதானே? (மட்டக்களப்பு நகர்)

கட்டம் அங்கிருந்து வந்தது, விளையாட்டு நம்முடையது. புதிரைத் தொல்காப்பியர் பிசி என்றார், நம் அம்மம்மாமார் நொடி என்று போட்டார்கள். ஔவையார் பாடியதாகச் சொல்லும் 'எட்டேகால் லட்சணமே'யைப் பிரித்துப் பாருங்கள். தமிழ் எண்ணில் எட்டு அ, கால் வ, ஆக அவலட்சணமே! அடுத்த சொல் 'எமனேறும் பரியே', எமன் ஏறும் குதிரை எது? எருமை. இதைவிட நேர்மையான குறிப்பை நான் பார்த்ததில்லை, ஒரு சொல்கூட வீணாக நிற்கவில்லை.

கூகுளில் தேடலாமா? (கல்முனை)

விடை கண்ட பிறகு, சரிபார்க்க.

டீச்சர், ஒராளே எப்பவும் முந்திச் சொல்லிப்போடுகிறார், எங்களுக்கு யோசிக்க நேரமில்லை. (காத்தான்குடி)

உங்கள் கவலை நியாயம், எனக்கும் அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. இனி விடையை எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், எந்தச் சொல் எதற்கு என்ற விளக்கத்தோடு. விளக்கம் இல்லாத விடைக்குப் புள்ளி இல்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் எல்லார் முன்னாலும் அவிழ்ப்போம். இந்த ஞாயிறே தொடங்குவோம், முதல் குறிப்பு இதோ: "பாடுபடு என்கிறது மான், நாலாம் சுரத்தில்."