பழைய அலுமினியம் போட்ல தளத்துப் பிளைவுட் இத்துப்போச்சு, அது மேலயே புதுப் பலகை அடிச்சா போதுமா?

போதாதுங்க. பழசு மேல புதுசு அடிச்சா அதுவும் இத்துதான் போகும். செகண்ட்ஸ்ல வாங்கின போட்டா இருக்கும், கால் வச்ச இடம் பொதுக்குனு உள்ள போனதும் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன்.

நான் ராணிப்பேட்டையில பஸ் பாடி கட்டுற ஆளு, பஸ் தளமும் பிளைவுட்டும் அலுமினியமும்தான், அதனால காவேரிப்பாக்கம் பக்கத்துல மீன்பாசி குத்தகை எடுக்கிற எங்க மாமா ஒரு பழைய போட்டைக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டாரு. தளத்தைப் பேத்துப் பார்த்தா, முன்னாடி யாரோ செம்பு மருந்து (பூச்சி அரிக்காம, இத்துப்போகாம மரத்துக்கு ஏத்துறது) ஏத்தின பலகையைப் போட்டு இரும்பு ஸ்க்ரூ முடுக்கி வச்சிருக்காங்க. செம்பும் அலுமினியமும் ஈரத்துல சேர்ந்தா அலுமினியத்தை அரிச்சிடும், பலகை பட்ட இடமெல்லாம் வெள்ளையா மாவு மாதிரி பூத்து ஊசி ஓட்டை. அடியில போட்டு வச்சிருந்த பஃப் ஃபோம் (மிதக்க வைக்கிற பஞ்சு மாதிரி ஃபோம்) தண்ணி குடிச்சு ஊறிக் கெடக்குது, மாமாவும் நானும் சேர்ந்தும் தூக்க முடியல.

அதனால மொதல்ல தளத்தை முழுசா எடுங்க. ஸ்டாண்டுல வச்சு உள்ள கொஞ்சமா தண்ணி ஊத்தி எங்க சொட்டுதுன்னு சாக்பீஸ்ல குறிங்க, ரொம்ப ஊத்தாதீங்க, வெயிட்டுல பாடி வளைஞ்சிடும். ஊறின ஃபோமைத் தூக்கிப் போட்டுட்டு தண்ணி குடிக்காத க்ளோஸ்டு செல் ஃபோம் வைங்க, ஃபோமே வேணாம்னு விட்டுடாதீங்க, போட்ல தண்ணி ஏறுனா முழுகாம காப்பாத்துறது அதுதான். பலகை ஐஎஸ் 710, அதாவது மரைன் பிளைவுட், 12 எம்எம் கனம். சீல் குத்தியிருந்தா மட்டும் நம்பாதீங்க, 303ங்கிற சாதா பிளைவுட் பலகைய 710னு சொல்லி விக்கிற கடை இருக்குது, செம்பு மருந்து இல்லாததான்னும் கேளுங்க. அறுத்தப்புறம் ரெண்டு பக்கமும், முக்கியமா ஓரமும் ஸ்க்ரூ ஓட்டையும், எபாக்ஸி (ரெண்டு மருந்து கலந்து அடிக்கிற பிசின்) அடிங்க. தண்ணி பூர்றது ஓரத்துலதான். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்க, மரம் அலுமினியத்துல படாம நடுவுல ரப்பர் பட்டை குடுங்க, சைடுல தண்ணி வடிய சந்து விடுங்க. கார்பெட் வேணவே வேணாம்.

கடல் போட் கட்டுறவங்க வந்து இது பத்தாதும்பாங்க. உப்புத் தண்ணி கணக்கு வேறதான், நான் ஏரித் தண்ணிக்குச் சொல்றேன். மாமா போட் இன்னிக்கும் ஓடிகினு கீது.

இன்னொன்னு, வேலூர்ப் பக்கத்து ஆளுக்கு போட்டைப் பத்தி இன்னா தெரியும்னு கமெண்ட்ல வராதீங்க. வேலூருன்னா தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்னு சொல்லிகினே கீறாங்க. வேலூர் கோட்டைக்குள்ள இருக்கிற கோயிலுக்கு சாமி ஜலகண்டேஸ்வரர் 1981லயே திரும்ப வந்துட்டாரு. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் முட்டிப் போச்சு, எங்க பக்கம் ஏரிங்க கோடி போச்சு. வாயில வந்ததைச் சொல்றவங்க ஒரு தடவை வந்து பாருங்க.

தளத்தை எடுத்ததும் ஃபோட்டோ போடுங்க, அலுமினியம் எவ்ளோ அரிச்சிருக்குன்னு பார்த்துட்டு ஒட்டலாமா, ரிவெட் அடிக்கணுமான்னு சொல்றேன்.