தீவனக் கணக்கு

கேள்வி: போலந்துக் குதிரைவீரர்கள் ஜெர்மன் டாங்கிகள் மீது ஈட்டியோடு பாய்ந்தது, ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்த கரடி... இப்படிப் போர் வரலாறு, உலக வரலாற்றிலிருந்து சுவையான தகவல்களை இதழுக்கு ஒன்றாக வெளியிடலாமே? தளபதிகளின் வீரத்தைச் சொல்பவையாக இருந்தால் மாணவர்களுக்கும் பயன்படும். (வாசகர் ஒருவர்)

பதில்: தாராளமாக வெளியிடலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய இரண்டில் முதலாவது நடக்கவே இல்லை. இரண்டாவது நடந்தது, அதில் முக்கியமான பாதியை விட்டுவிட்டீர்கள்.

1939 செப்டம்பர் 1, இரண்டாம் உலகப் போரின் முதல் நாள். போலந்தின் வடக்கே, போமெரேனியாவில் குரோயாந்தி என்ற கிராமத்துப் பக்கம் போலந்தின் 18வது குதிரைப்படை ரெஜிமென்ட் நிற்கிறது. பின்வாங்கிக்கொண்டிருக்கும் தங்கள் காலாட்படைக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தர வேண்டும், அதுதான் வேலை. காட்டோரம் இளைப்பாறிக்கொண்டிருந்த ஜெர்மன் காலாட்படை கண்ணில் பட்டது. வாளை உருவிக்கொண்டு பாய்ந்தார்கள். ஜெர்மானியர்கள் சிதறி ஓடினார்கள். அப்போது மரங்களுக்குப் பின்னாலிருந்து கவச வண்டிகள் வெளியே வந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட ஆரம்பித்தன. ரெஜிமென்டின் தலைவர் கர்னல் மஸ்தலெஷ் உட்பட இருபது பேருக்கு மேல் அங்கேயே விழுந்தார்கள். ஆனாலும் ஜெர்மன் முன்னேற்றம் தடைப்பட்டது, காலாட்படை நழுவிவிட்டது. வந்த காரியம் முடிந்தது.

மறுநாள் ஜெர்மானியர்கள் இத்தாலியப் பத்திரிகையாளர்களை அந்த இடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள். அதற்குள் டாங்கிகள் வந்து நின்றிருந்தன. செத்த குதிரைகள் ஒரு பக்கம், டாங்கிகள் இன்னொரு பக்கம். கதை பிறக்க அது போதுமானதாக இருந்தது. ஜெர்மன் பிரசாரம் அதை ஊதிப் பெருக்கியது. பிறகு போலந்தின் மேல் அன்புள்ளவர்களே அதை வீரக்கதையாகச் சொல்லத் தொடங்கினார்கள். இரும்பைக் குத்தினால் என்ன ஆகும் என்று தெரியாத முட்டாள்களாக அந்த வீரர்களை ஆக்கிவிட்டோமே என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. அதே செப்டம்பர் 1 அன்று மோக்ரா என்ற இடத்தில் இன்னொரு போலந்துக் குதிரைப்படைப் பிரிவு, குதிரையை விட்டு இறங்கி, டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளை வைத்துக்கொண்டு, ஒரு ஜெர்மன் பான்சர் டிவிஷனை, அதாவது டாங்கிப் படைப்பிரிவை, நாள் முழுக்க நிறுத்திவைத்தது. பல டாங்கிகளை எரித்தது. அதை யாரும் துணுக்காக அனுப்புவதில்லை.

சரி, குதிரைக்கு வருவோம். நீங்கள் அந்தச் சொல்லை எழுதிய பிறகு என்னால் சும்மா இருக்க முடியாது.

அந்த நவீன ஜெர்மன் ராணுவம் எதில் போனது? 1941 ஜூனில் சோவியத் யூனியனுக்குள் நுழைந்தபோது அதோடு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் போயின. டாங்கிகள் மூவாயிரத்துச் சொச்சம்தான். செய்திப்படங்களில் டாங்கிகள் முன்னால் ஓடும். பெரும்பாலான காலாட்படை டிவிஷன்கள் நடந்துதான் போயின, அவற்றின் பீரங்கிகளையும் மாவு மூட்டைகளையும் குதிரைகள் இழுத்தன. ஒரு குதிரைக்கு நாளைக்குப் பத்து கிலோ தீவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 லட்சம் குதிரைக்கு நாளைக்கு 6,000 டன். வழியில் மேய்ந்தது போக மீதியை யாராவது கொண்டுவந்து போட வேண்டும். டாங்கியாவது நிற்கும்போது பெட்ரோல் கேட்காது. குதிரை நின்றாலும் தின்னும்.

முதல் உலகப் போரில் பிரிட்டன் தன் படைகளுக்காகக் கடல் கடந்து பிரான்சுக்கு அனுப்பியவற்றில் வெடிமருந்தும் குண்டுகளும் சுமார் 52 லட்சம் டன். வைக்கோலும் ஓட்ஸும் சுமார் 54 லட்சம் டன். எதிரி மேல் வீசியதைவிடக் குதிரைக்குப் போட்டது அதிகம்! நாலு வருடப் பீரங்கிச் சத்தத்தைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. அந்த 54 லட்சம் டன்னைக் கட்டி, ஏற்றி, இறக்கி, நனையாமல் காத்தவர்களைப் பற்றித் தேடிப் பாருங்கள், எத்தனை பக்கம் கிடைக்கிறது என்று.

நெப்போலியனை ரஷ்யாவின் குளிர் தோற்கடித்தது என்பது இன்னொரு அழியாத துணுக்கு. இதை மறுத்து இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். கண்டனக் கடிதங்களும் வந்தன. மறுபடியும் எழுதுகிறேன், மறுபடியும் வரட்டும். 1812 ஜூன் கடைசியில், கோடைகாலத்தில், பிரெஞ்சுப் படை ரஷ்ய எல்லையில் இருந்த நேமன் ஆற்றைக் கடந்தது. ஓட்ஸ் வண்டிகள் பின்னாலேயே தங்கிவிட்டன. பசித்த குதிரைகளை வயலில் விட்டார்கள். முற்றாத பச்சைக் கதிரைத் தின்று வயிறு ஊதின. அப்புறம் கடும் இடிமழை. இன்றைய லிதுவேனியாவின் தலைநகரான வில்னியஸ் போய்ச் சேர்வதற்குள் சுமார் பத்தாயிரம் குதிரைகள் செத்துக் கிடந்தன. ஒரு பெரிய சண்டைகூட அதுவரை நடக்கவில்லை. குதிரை செத்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் ரொட்டி நிற்கும், ரொட்டி நின்றால் சிப்பாய் கொள்ளையடிக்கக் கிளம்புவான், இல்லையென்றால் படுத்துவிடுவான். படுத்தவனைப் பேனும் காய்ச்சலும் பிடித்தன. 1869இல் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இந்தப் படையெடுப்பை ஒரே படத்தில், ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ற அகலமுள்ள ஒரு பட்டையாக வரைந்தார். நேமன் கரையில் 4,22,000 பேராகத் தொடங்கும் பட்டை, மாஸ்கோவில் 1,00,000 பேராக இளைத்திருக்கும். வழியில் பிரித்து நிறுத்திய படைகளைக் கழித்தாலும் இழப்பு பயங்கரமானது. பனி இன்னும் விழவே ஆரம்பிக்கவில்லை.

பனி வந்த பிறகு நடந்ததிலும் எனக்குப் பிடித்த பாத்திரம் படை நடத்திய தளபதி யாரும் இல்லை, கோலன்கூர். பேரரசரின் குதிரை லாயத்துக்குப் பொறுப்பாளர். ரஷ்யாவில் தூதராக இருந்து அந்தக் குளிரைப் பார்த்தவர். உறைந்த தரையில் வழுக்காதபடி முள் வைத்த லாடங்களைத் தன் பொறுப்பில் இருந்த குதிரைகளுக்கு அடிக்கச் செய்தார். மற்ற படைக்கு அந்த ஏற்பாடு இல்லை. திரும்பி வரும் வழியில் ஏற்றங்களில் குதிரைகள் கால் ஊன்ற முடியாமல் விழுந்தன, விழுந்தவை எழுந்திருக்கவில்லை. அவை இழுத்து வந்த பீரங்கிகளைச் சாலையோரம் விட்டுவிட்டு வந்தார்கள். லாடத்தில் நாலு முள் இல்லாமல் போன பீரங்கிகள் அவை. மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்றீர்களே, இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கரடிக்கு வருகிறேன். வோய்டெக். 1942இல் ஈரானில் போலந்துப் படையினருக்குக் குட்டியாகக் கிடைத்தது. எகிப்திலிருந்து இத்தாலிக்குக் கப்பல் ஏறும்போது செல்லப் பிராணிகளுக்கு இடமில்லை என்றதால் அதைச் சிப்பாயாகவே பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். 1944இல் இத்தாலியில் மோன்டே காசினோ சண்டையில் பீரங்கிக் குண்டுப் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தது என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். போருக்குப் பிறகு எடின்பரோ மிருகக்காட்சி சாலையில் வாழ்ந்து 1963இல் இறந்தது. எல்லாம் சரி. அது எந்தப் பிரிவில் இருந்தது? 22வது பீரங்கித் தளவாட விநியோகக் கம்பெனி! லாரிகளில் குண்டுகளை ஏற்றி மலைப்பாதையில் கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்கள். கரடி இல்லாமல் போயிருந்தால் அந்தக் கம்பெனியின் பெயர்கூட நம் காதில் விழுந்திருக்காது.

குதிரை தின்றதைச் சொன்னேன், மனிதன் தின்றதையும் சொல்லாமல் விட மனமில்லை. 1882 டிசம்பரில் ரியூஜோ என்ற ஜப்பானியப் பயிற்சிக் கப்பல் புறப்பட்டது. நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் சுற்றி வந்தது. 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி நோய், கால்களை மரத்துப்போகச் செய்து இதயத்தையும் தாக்கும் நோய்; 25 பேர் இறந்தார்கள். மாலுமிகளின் சாப்பாட்டில் முக்கால்வாசி, தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசி. லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு வந்த தகாகி கனெஹிரோ என்ற கடற்படை மருத்துவர், குற்றம் சாப்பாட்டில்தான் என்று அடித்துச் சொன்னார். 1884இல் சுகுபா என்ற கப்பலை அதே பாதையில் அனுப்பவைத்தார். இறைச்சி, பருப்பு, பார்லி என்று உணவை மாற்றினார். அந்தக் கப்பலில் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை. புரதக் குறைவுதான் காரணம் என்று அவர் நினைத்தது தவறு. தவிட்டோடு போன பி1 உயிர்ச்சத்து பற்றி உலகம் அறிய இன்னும் வருடங்கள் இருந்தன. ஆனால் மருந்து சரி. கடற்படையில் பெரிபெரி ஏறத்தாழ ஒழிந்தது.

தரைப்படை கேட்கவில்லை. அதன் மருத்துவர்கள் ஜெர்மனியில் படித்தவர்கள். ஏதோ கிருமி என்றே நம்பினார்கள். அவர்களில் மோரி ஓகாய் ஒருவர். ஜப்பானிய இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒன்று. அவர் எழுத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, இந்த விஷயத்தில் அவரை மன்னிக்க மட்டும் முடியவில்லை. 1904-05 ரஷ்யப் போரில் தரைப்படைக்கு வெள்ளை அரிசியே போனது. சுமார் இரண்டரை லட்சம் பேர் பெரிபெரியில் விழுந்தார்கள். சுமார் 27 ஆயிரம் பேர் இறந்தார்கள். அத்தனையும் நடந்த பிறகு, 1905 மார்ச்சில்தான் அரிசியோடு பார்லி கலக்க உத்தரவு வந்தது. கடற்படை அதைச் செய்து முடித்து இருபது வருடம் ஆகியிருந்தது. 1908இல் பெரிபெரியை ஆராய ஒரு குழு போட்டார்கள். அதன் தலைவர் மோரி.