அரிசிப் பையும் ஜெபக் கூட்டமும்

கேள்வி: மண்சரிவுக்குப் பயந்து தோட்டத்து மேல் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வந்த ஒரு குடும்பம் எங்கள் பக்கத்துக் காம்பராவில் (லய அறை) இருக்கிறது. கோயில் கும்பிடுகிறவர்கள். சாமான் கொடுப்போம், ஆனால் முதலில் ஜெபக் கூட்டத்துக்கு வரட்டும் என்கிறார்கள் சபையில் சிலர். சரிதானா? (வாசகி, ஹட்டன்)

பதில்: இல்லை சகோதரி. லூக்கா 10இல் வரும் சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனிடம் நீ எந்த மலையில் தொழுகிறாய் என்று கேட்கவில்லை (யூதருக்கும் சமாரியருக்கும் பெரிய சண்டையே அதுதான்), எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டி, சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்துவிட்டுப் போனான். மத்தேயு 20இன்படி ஒரு பணம் ஒரு நாள் கூலி. நம் தோட்டத்துச் செக்ரோல் (வேலைப் பதிவு) கணக்கில் இரண்டு பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம்!

அப்புறம், நாம் யார்? இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியதே. நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள் என்று லேவியராகமம் 19 சொல்வது நமக்கல்லவா முதலில் உறைக்க வேண்டும்?

சுவிசேஷம் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களாகக் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள், 1 பேதுரு 3:15 சொல்கிற சாந்தத்தோடு. அரிசியை மட்டும் இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பால்மா பக்கெட்டும்.