வாடிகன் தூதர் வேலைக்கு அப்ளை பண்ண முடியுமா?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "என் அக்கா பையன் குருப்பட்டம் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. ரோமுக்கு அனுப்பி தூதரகப் பணிக்குப் படிக்க வைக்கலாமான்னு ஆயர் (பிஷப்) யோசிக்கிறாராம். இது ஐஎஃப்எஸ் மாதிரி பரீட்சையா? பேராயர் (ஆர்ச்பிஷப்) ஆயிடுவாரா? ஊர்ப்பக்கம் வருவாரா?"

பரீட்சை எழுதி ரேங்க் வாங்குற சமாச்சாரமே இல்லைங்க, தானா அப்ளை பண்ணவும் முடியாது. ஆயர் ஆளைக் கொடுக்கணும், ரோம் ஏத்துக்கணும். படிக்கிற இடம் ரோம்ல மினெர்வா சதுக்கத்துல இருக்கிற அகாடமி, 1701-ல ஆரம்பிச்சது, குருக்களுக்கு மட்டும்தான். திருச்சபைச் சட்டம், சர்வதேசச் சட்டம், ராஜதந்திர வரலாறுன்னு போகும், ஆனா உசிர வாங்குறது மொழிதான், இத்தாலியன் இல்லாம ஒரு நாள் ஓடாது, அப்புறம் பிரெஞ்சு, ஸ்பானிஷ்னு வரிசையா வரும், அதனால இத்தாலியனை இப்பவே ஆரம்பிக்கச் சொல்லுங்க, அங்க போய்ப் பாத்துக்கலாம்னா கஷ்டம். 2020-ல போப் பிரான்சிஸ் இன்னொண்ணும் சேர்த்தார், சொந்த மறைமாவட்டத்துக்கு (ஒரு ஆயரோட பொறுப்புல இருக்கிற பகுதி) வெளிய ஒரு முழு வருஷம் மிஷன் பணி.

முடிச்சதும் நேரா தூதர் ஆக்கிட மாட்டாங்க. அட்டாஷே (தூதரகத்துல ஆரம்பநிலை அதிகாரி), செயலர், ஆலோசகர்னு படிப்படியா, சில வருஷத்துக்கு ஒரு நாடுன்னு மாத்திட்டே இருப்பாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு சிலருக்குத்தான் திருப்பீடத் தூதர், அதாவது போப்போட தூதர் பதவி வரும், பேராயர் பட்டமும் அதோடதான். ஆனா ஆள மறைமாவட்டம் கிடையாது, ஒரு காலத்துல இருந்து இப்ப பேர் மட்டும் மிச்சமிருக்கிற மறைமாவட்டத்தைக் கொடுப்பாங்க. பின்னாடி போப் 23-ஆம் யோவான் ஆனவரை 1925-ல பல்கேரியாவுக்கு அனுப்பினப்போ அரியோபோலிஸ் பேராயர்னு பட்டம் கொடுத்தாங்க, அந்த ஊர் இருந்தது இன்னைக்கு ஜோர்டான் இருக்கிற பக்கம்!

வேலைன்னா விருந்து, கைகுலுக்கல்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அரசாங்கத்தோட பேசுறது பாதிதான், மீதி அந்த நாட்டுத் திருச்சபையோட. ஒரு மறைமாவட்டத்துக்குப் புது ஆயர் வேணும்னா குருக்கள், பொதுநிலையினர் (குரு இல்லாத சாதாரண விசுவாசிகள்)னு பலபேர்கிட்ட ரகசியமா எழுதிக் கேட்டு, மூணு பேரைத் தேர்ந்து ரோமுக்கு அனுப்புறது தூதர்தான். நம்ம நாட்டுக்கு அது டெல்லி சாணக்கியபுரில இருக்கிற வாடிகன் தூதரகத்துல இருந்து நடக்குது. அதனால நாளைக்கு உங்க அக்கா பையன்கிட்ட "அடுத்த ஆயர் யாருப்பா"ன்னு சொந்தக்காரங்க யாரும் கேக்காதீங்க, வாயே திறக்கக் கூடாது.

ஊர்ப்பக்கமா? லீவுல வருவார். பொதுவா சொந்த நாட்டுக்குத் தூதரா போட மாட்டாங்க. நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஜார்ஜ் அந்தோணிசாமி ஆண்டகை 2005-ல லைபீரியா, காம்பியா, சியரா லியோன் மூணுக்கும் தூதரா போனார், லைபீரியாலயும் சியரா லியோன்லயும் உள்நாட்டுப் போர் முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம்தான் ஆகியிருந்த நேரம் அது, சொகுசு போஸ்டிங் இல்ல. 2012-ல சென்னை மயிலை பேராயரா திரும்பி வந்தார், ஆனா அந்த மாதிரி எல்லாருக்கும் அமையாது.

எங்க போனாலும் அவர் பேரு உங்க மறைமாவட்டத்துக் கணக்குலதான் இருக்கும், அதனால ஒத்துவரலைன்னா திரும்பி உள்ளூர்ப் பங்குக்கு (சர்ச் பணிக்கு) வரலாமான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே ஆயர்கிட்ட அவரையே பேசி வச்சுக்கச் சொல்லுங்க. அக்காவை ஒரு பாஸ்போர்ட் எடுத்து வைக்கச் சொல்லுங்க, பையனைப் பாக்கணும்னா இனி அவங்கதான் ஃபிளைட் ஏறணும்.