இலை மஞ்சளாவதற்கு மண்ணில் உள்ள நிக்கல் காரணமாக இருக்க முடியுமா?

இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் வெளுக்கிறது, அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) தெளித்தும் பச்சை நிலைக்கவில்லை, மண் பரிசோதனையில் நிக்கல் கூடுதலாக வந்துள்ளது, இவற்றுக்குள் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. உங்கள் மண் அமிலத்தன்மை உடையதாக இருந்தால் அந்த ஐயம் மேலும் வலுப்படும். ஏனெனில் உண்மையான இரும்புக் குறை பெரும்பாலும் சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் வருவது. புளித்த மண்ணில் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய இரும்பு பொதுவாகவே தாராளமாக இருக்கும்.

எங்கள் நிலத்தின் ஒரு பகுதியில், முன்பு அருகிலிருந்த முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீர் தேங்கி நின்றிருக்கிறது. அங்கே விதைத்த மக்காச்சோளம் வெளிறிய கோடுகளுடன் குட்டையாக நின்றபோது, பார்க்க வந்த ஆலோசகர் வேரைப் பிடுங்கிக்கூடப் பார்க்காமல் இரும்புக் குறை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தெளித்த இலைகள் சற்றுப் பசுமையாயின. அடுத்து வந்த இலைகள் மீண்டும் வெளுத்தன. நான் செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர்கள் குட்டையாக, பழுப்பேறி, பக்கவேர்கள் அற்றுப்போய் இருந்தன. வெறும் இரும்புக் குறையில் வேர் இப்படிச் சிதைவதில்லை. நிக்கல் வேர்நுனியின் செல் பிரிதலைத் தடுக்கிறது. இரும்பும் துத்தநாகமும் உள்ளே வரும் வழிகளிலேயே தானும் நுழைந்து அவற்றோடு போட்டியிடுகிறது. அதனால்தான் மண்ணில் இரும்பு இருந்தும் இலைக்குப் போய்ச் சேரவில்லை.

நிக்கல் செடிக்குத் தேவையான சத்துதானே என்று சிலர் மறுக்கக்கூடும். உண்மைதான், யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் நொதியில் நிக்கல் இருப்பது 1975இல் தெரியவந்தது, பார்லிக்கு அது இன்றியமையாதது என்பது 1987இல் நிறுவப்பட்டது. ஆனால் தேவைப்படும் அளவு, உலர் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் மட்டுமே. நுண்ணுணர்வுள்ள பயிர்களின் இலையில் 10 மில்லிகிராமைத் தாண்டினாலே நஞ்சாகத் தொடங்கிவிடும். ஓரளவு தாங்கும் பயிர்களுக்கு 50 வரை இடம் உண்டு. நியூ கலிடோனியாவில் நீலப்பச்சைப் பாலில் நிக்கலைச் சேர்த்து வைக்கும் மரம் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அது அந்த மண்ணுக்கென்றே பழகிய இனம், நம் பயிர்களுக்கு அந்தத் திறன் இல்லை.

எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. நாங்கள் மண்ணைக் கொடுத்த ஆய்வகம் மொத்த நிக்கலை மட்டும் அச்சிட்டுத் தந்தது. பாறைத் துகளுக்குள் பூட்டப்பட்டிருக்கும் நிக்கலையும் வேருக்கு எட்டும் நிக்கலையும் ஒரே எண்ணில் சேர்த்துக் கொடுத்தால் விவசாயி அதை வைத்து என்ன முடிவெடுப்பார்? செடிக்குக் கிடைக்கும் அளவை, டிடிபிஏ என்ற கரைசலால் மண்ணிலிருந்து பிரித்தெடுத்து அளக்கும் முறையில் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்; கூடவே கார அமில நிலையையும் (pH) கேளுங்கள். எங்களுடையது 5.2 என்று வந்தது. சுண்ணாம்பு இட்டு அதை 6.5க்கு மேல் கொண்டுவந்து, மட்கிய தொழுவுரத்தையும் சேர்த்த பின் அடுத்த பயிரின் வேர் வெண்மையாக, கிளைவிட்டு இறங்கியது. சுண்ணாம்பை அளவுக்கு மீறி இட்டால் மெய்யாகவே இரும்பு, மாங்கனீசுக் குறை வந்துவிடும். ஆகவே பரிசோதனை சொல்லும் அளவோடு நிறுத்துங்கள்.

சுண்ணாம்பு நிக்கலை அகற்றுவதில்லை, கரையாமல் பிடித்து மட்டுமே வைக்கிறது என்பதால், அம்மோனியம் சல்பேட் போன்ற மண்ணைப் புளிக்கவைக்கும் உரங்களை அங்கே தொடர்ந்து இட வேண்டாம். நிக்கல் இலையிலிருந்து விதைக்கும் நகரக்கூடியது. எனவே பயறு, தானியம் எதை விளைவித்தாலும் உண்பதற்கு முன் மணிகளையும் ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்புங்கள்.