பேச்சு தாமதமாகும் குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி: மகளை என்ன படிக்க வைக்கலாம்?

வணக்கம் அம்மா.

நீட் எழுதச் சொன்னால் உங்கள் மகள், "எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பேச்சு ஏன் தாமதமாகிறது என்று ஆராய்ச்சி செய்யப்போகிறேன்" என்கிறாள். ஆட்டிசம் உள்ள மாமா பையனோடு ஒரே வீட்டில் வளர்ந்ததால் வந்த ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். "இதற்கெல்லாம் படிப்பு இருக்கிறதா, வேலை கிடைக்குமா?" என்பது உங்கள் கவலை. படிப்பும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. ஆனால் பிளஸ் டூ முடித்த கையோடு ஆராய்ச்சியைக் குறிவைத்து ஓடக் கூடாது. சிகிச்சை தருவதற்கான பட்டத்தை முதலில் வாங்கிவிட்டு, அந்த வாசல் வழியாக ஆராய்ச்சிக்குள் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று முதலில் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை, இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் பாயில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதுகிறார். குழந்தை துள்ளுகிறது. உடனே அவர் பாட்டிலை இறுக மூடிக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார். குழந்தை பாட்டிலைப் பார்க்கிறது, திருகிப் பார்க்கிறது, பிறகு அவர் கையில் திணிக்கிறது, ஒரு நொடி அவர் முகத்தைப் பார்க்கிறது. அந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் காத்திருந்தார். ஒரு பொருளையும் எதிரே இருப்பவரையும் மாறி மாறிப் பார்த்துக் கவனத்தைப் பகிர்ந்துகொள்ளும் திறன், பின்னால் வரும் பேச்சோடு நெருக்கமாகத் தொடர்புடையது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆராய்ச்சியாளர் இதே காட்சியின் வீடியோவை வைத்துக்கொண்டு, பார்வை எங்கே, கை எங்கே, சத்தம் எப்போது என்று நொடி நொடியாகக் குறிப்பார். அரை மணி நேரப் பதிவை எழுதி முடிக்க ஒரு நாளே போய்விடும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஒத்துவராத வேலை. உங்கள் மகளுக்குப் பொறுமை உண்டா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் அண்ணன் பையனிடம் இதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைக்குத் தாகம் எடுத்தால் "தண்ணி வேணும்" என்று சொல்லாமல், நாம் கேட்பதுபோலவே "தண்ணி வேணுமா?" என்று சொல்லும். 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் ஆட்டிசம் கட்டுரையிலேயே இந்த எதிரொலிப் பேச்சு பதிவாகியிருக்கிறது. வெகுகாலம் இதை அர்த்தமில்லாத கிளிப்பேச்சு என்று நினைத்து நிறுத்தப் பார்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் பாரி பிரிசன்ட் போன்ற பேச்சு மொழி ஆய்வாளர்கள், எந்தச் சூழலில் என்ன சொல்கிறது என்று கூர்ந்து பார்த்து, குழந்தை அதை வைத்துக் கேட்கிறது, ஆமோதிக்கிறது, தன் முறைக்குப் பதில் தருகிறது என்று காட்டினார்கள். அதன் பிறகு சிகிச்சையின் போக்கே மாறியது. குழந்தையோடு தரையில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட கேள்விகள் தோன்றும். தெரபிஸ்ட் ஆகிவிட்டு ஆராய்ச்சிக்கு வரச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

ஆட்டிசம் மட்டும்தான் இந்தத் துறை என்று அவள் நினைத்துக்கொள்ள வேண்டாம். காது நன்றாகக் கேட்கும், ஆட்டிசம் இல்லை, அறிவுத்திறன் குறைபாடு இல்லை, ஆனாலும் மொழி மட்டும் பிடிபடாத குழந்தைகள் இருக்கிறார்கள். வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்பார்கள். அமெரிக்காவில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 1997இல் வெளியான பெரிய ஆய்வில் சுமார் 7 சதவீதம் பேருக்கு இது இருந்தது. அவர்களில் 29 சதவீதம் பேரின் பெற்றோருக்குத்தான் பிள்ளைக்குப் பேச்சிலோ மொழியிலோ சிக்கல் இருப்பதாக முன்பே யாராவது சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் வகுப்பில் "மந்தம்", "சொன்ன பேச்சு கேட்காது" என்ற பெயரோடு இருந்துவிடுகிறார்கள். மரபணுவில் ஆர்வமிருந்தால் அதற்கும் வழி உண்டு. லண்டனில் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பேச்சுச் சிக்கல் இருந்ததை ஆராய்ந்து, 2001இல் ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் பெரும்பாலான குழந்தைகளின் சிக்கலுக்கு அந்த ஒரு மரபணு காரணமில்லை என்பதும் பிறகு தெளிவானது.

இனி உங்கள் மகளுக்கென்றே ஒரு விஷயம். அவளுக்கு அமெரிக்க மாணவியிடம் இல்லாத மூலதனம் ஒன்று இருக்கிறது, அது தமிழ். வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு உள்ள, ஆங்கிலம் பேசும் குழந்தைகள் வினைச்சொல்லின் கடைசியில் வரும் இறந்தகாலக் குறியை விட்டுவிடுவார்கள், அதை வைத்தே அங்கே சிக்கலை அடையாளம் காண்கிறார்கள். தமிழில் "வந்தான்" என்பதில் கடைசியை விட்டுவிட்டால் மிஞ்சுவதைச் சொல்லவே முடியாது. அப்படியானால் தமிழ்க் குழந்தையின் சிக்கல் எங்கே தெரியும்? "வந்தான்" என்று "ஆன்" வர வேண்டிய இடத்தில் "வந்தாள்" என்று "ஆள்" வருமா? "அவனுக்கு", "அவனை" என்ற உருபுகள் குழம்புமா? லாரன்ஸ் லெனார்ட் என்ற ஆய்வாளர் இத்தாலியம், ஹீப்ரு மொழிகளைப் பார்த்து, மொழிக்கு மொழி இந்தக் குறைபாட்டின் முகம் மாறுவதைக் காட்டினார். தமிழுக்கு அப்படி உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. ஆங்கிலப் பரிசோதனையை வரிக்கு வரி மொழிபெயர்த்துவிட்டால் போதாது. நான்கு வயதுப் பிள்ளையிடம் "வருகிறான்" என்று பாடப்புத்தகத் தமிழில் கேட்டு, அதற்கு "வர்றான்" மட்டுமே தெரிந்திருந்தால் குறைபாடு என்று எழுதிவிடுவது அநியாயம். குழந்தைப் பேச்சுப் பதிவுகளுக்கான உலகளாவிய களஞ்சியமான சில்டஸில் தமிழ்ப் பதிவுகளும் உண்டு. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், இந்த விடுமுறையிலேயே அவள் பார்க்கட்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது செவித்திறன் மற்றும் பேச்சு மொழி நோயியல் பட்டம். இன்டர்ன்ஷிப்போடு நான்கு ஆண்டுகள். பிறகு பேச்சு மொழி நோயியலில் எம்.எஸ்சி. இரண்டு ஆண்டுகள், அதற்கப்புறம் பி.எச்டி. மைசூரில் 1960களிலிருந்து இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம்தான் என் முதல் தேர்வு, மத்திய அரசு நிறுவனம், ஆராய்ச்சிச் சூழலும் அங்கே வலுவானது. சென்னையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், போரூர் ராமச்சந்திரா ஆகியவற்றிலும் இந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது. சேர்க்கை விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டைப் படிக்காமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள். எங்கே சேர்ந்தாலும் ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள். ஆறு மாதச் சான்றிதழ் கொடுத்து "ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகலாம்" என்று விளம்பரம் செய்யும் இடங்கள் பக்கமே போகாதீர்கள். ஆர்.சி.ஐ. பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்வது சட்டப்படி தவறு.

மொழியியல் அல்லது உளவியல் எம்.ஏ. வழியாகவும் இந்த ஆராய்ச்சிக்கு வரலாம். அந்தப் பாடங்களில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தகுதி, வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் ஆராய்ச்சி இடம் கிடைக்கத் தாமதமானால் கையில் தொழில் இருக்காது. பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்தவளுக்கு அந்தப் பயம் இல்லை: மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, வளர்ச்சிச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கான அரசின் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் என்று வேலைக்கு வழி இருக்கும். தொடக்கச் சம்பளம் பல தனியார் மையங்களில் குறைவுதான், நிரந்தர அரசுப் பணியிடங்களும் அதிகமில்லை. இதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல மாட்டேன். எம்.எஸ்சி. முடித்த பிறகு நிலைமை நன்றாக மாறும்.

கடிதத்தின் கடைசியில், "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று சொன்னதால் அண்ணன் குடும்பமே அவனிடம் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கோ டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கோ பேச்சு மேலும் தாமதமாகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. பாட்டிக்கும் அம்மாவுக்கும் சரளமாக வராத மொழியில் பேசச் சொன்னால், அவர்கள் பிள்ளையிடம் பேசுவதே குறைந்துபோகும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், சிறப்பு மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து பதில் தரக் கற்றார்கள், பிள்ளைகளும் தாமாகத் தொடர்புகொள்வது கூடியது. அண்ணனிடம் தமிழிலேயே பேசச் சொல்லுங்கள். பையனை உங்கள் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு ஒருமுறை அழைத்துப் போகட்டும், பதினெட்டு வயது வரை அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். உங்கள் மகளையும் கூடவே அனுப்புங்கள். அங்கிருக்கும் தெரபிஸ்டிடம் அனுமதி கேட்டு, ஒரு காலைப் பொழுது ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும். அதற்குப் பிறகும் இதே படிப்புதான் வேண்டும் என்று சொன்னால் எனக்கு எழுதுங்கள், விண்ணப்பங்களைச் சேர்ந்து நிரப்பலாம்.